கலண்டர் தாளின் பின்பக்கம்

பெண்கள் விடுதி,
அறிவியல்நகர், கிளிநொச்சி.
06.05.2024

மதிப்பிற்குரிய பிரேமிளா அக்காவுக்கு,

நேற்று நான் எடுத்த அழைப்பை அரை நிமிடத்தில் வைத்துவிட்டீர்கள். வைப்பதற்கு முன் "கேக்கிறதை எழுத்தில கேளுங்கோ, போன் கதைக்குச் சாட்சி இல்லை" என்றீர்கள். ஆகவே எழுதுகிறேன். இது நான் தபாலில் போடும் முதல் கடிதம். முத்திரை எவ்வளவு என்று கேட்டதற்குத் தபால் கந்தோர்க்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

என் பெயர் யதுர்ஷிகா. விவசாய பீடத்தில் இறுதி வருடம். ஸ்கந்தபுரம் வாய்க்கால் கரையில் இருக்கும் உங்கள் பதினான்கு குடும்பங்களும் எப்போது அங்கே வந்தன, தண்ணீரை எப்படி முறைவைத்துப் பாய்ச்சின என்பதுதான் என் ஆய்வு. எங்கள் நூலகத்தில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை. குளங்களைப் பற்றிய மூன்று புத்தகங்களிலும் குளம் இருக்கிறது, மனிதரைக் காணவில்லை. எனவே இணையத்தில் தேடினேன். கலாநிதி பிரதாபன் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கட்டுரை கிடைத்தது. அதில் நாற்பத்தொரு அடிக்குறிப்புகள். பதினேழாவது அடிக்குறிப்பு உங்கள் தகப்பனார் சுடலைமுத்து அவர்களின் தண்ணீர் முறைக் கொப்பி. "கட்டுரையாளரின் கைவசம் உள்ளது" என்று போட்டிருக்கிறது.

தகப்பனார் எழுதிய வேறு கொப்பிகள் உங்களிடம் இருந்தால் ஒருமுறை பார்க்கலாமா? தொடாமல், நீங்கள் பக்கம் புரட்டப் பார்த்தாலும் போதும்.

இப்படிக்கு,
யதுர்ஷிகா


ஸ்கந்தபுரம்.
14.05.2024

யதுர்ஷிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விடுதி விலாசம் எழுதியிருக்கிறீர்கள், சொந்த ஊர் எழுதவில்லை. எந்த ஊர், யாருடைய பிள்ளை, என் நம்பரைத் தந்தது யார், உங்களை அனுப்பியது யார்? இதற்குப் பதில் வந்தால்தான் அடுத்த கதை.

பிரதாபன் என்பவரை எனக்குத் தெரியும். 2016இல் வந்தார். நல்ல சப்பாத்து. அம்மா போட்டுக்கொடுத்த தேத்தண்ணியை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். அப்பாவின் கொப்பியை இரண்டு கிழமையில் தருகிறேன் என்று கொண்டுபோனார். அந்த இரண்டு கிழமை எட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் அதை வைத்துக் கட்டுரை எழுதினார் என்று நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

நான் முன்பள்ளி ஆசிரியை. ஆங்கிலத்தில் பூனை, நாய் வரைக்கும் போவேன். அந்தக் கட்டுரையில் எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பிரேமிளா


அறிவியல்நகர்.
20.05.2024

அன்புள்ள பிரேமிளா அக்காவுக்கு,

சொந்த ஊர் முரசுமோட்டை. அப்பா இல்லை. அம்மா வீட்டில் தையல். உங்கள் நம்பர் முன்பள்ளி ஆசிரியர்களின் பட்டியலில் இருந்தது. என்னை யாரும் அனுப்பவில்லை.

கட்டுரையின் தமிழாக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் குடும்பங்கள் மலைநாட்டிலிருந்து 1984இல்தான் ஸ்கந்தபுரம் வந்தன, ஏற்கெனவே மற்றவருக்குரியதாக இருந்த காணியில் கூலிக்கு வந்து அப்படியே குடிசை போட்டன என்கிறார். வாசிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அவர் சும்மா சொல்லவில்லை, இரண்டு சான்று காட்டுகிறார். ஒன்று, உங்கள் தகப்பனாரின் கொப்பி 1984இல் தொடங்குகிறது. மற்றது, தகப்பனாரே அப்படிச் சொன்னதாக நேர்காணல்.

ஒரு சான்றை நம்பாதே, இரண்டு ஒன்றுக்கொன்று பொருந்தினால் நம்பு என்றுதான் எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். இங்கே இரண்டும் பொருந்துகின்றன. வேறு கொப்பி இருந்தால் சொல்லுங்கள் அக்கா.

யதுர்ஷிகா


ஸ்கந்தபுரம்.
03.06.2024

யதுர்ஷிகாவுக்கு,

போன கிழமை எங்கள் காணி விசாரணைக்கு அறிவித்தல் வந்தது. முரசுமோட்டை செல்வராசா என்பவர், நாங்கள் குடியிருக்கும் துண்டு தன் தகப்பன் அப்புத்துரைக்கு 1981இல் கொடுபட்டது, நாங்கள் பிறகு வந்து புகுந்தவர்கள் என்று மனுக் கொடுத்திருக்கிறார். ஜூலை 17 விசாரணை. நாங்கள் முந்தி வந்தோம் என்று காட்டாவிட்டால் பதினான்கு வீடும் எழும்ப வேண்டும். இதில் ஒன்பது வீடு கல்வீடு.

பிரதேச செயலகத்துக்குப் போய் இந்த மனுவின் கோவையைப் பார்க்கக் கேட்டேன். காட்டினார்கள். செல்வராசா கொடுத்த சான்றுகளில் முதலாவது என்ன தெரியுமா? நீங்கள் எனக்கு அனுப்பிய அதே தமிழாக்கம். அதே எழுத்து, அதே பக்கம். எனக்கு அனுப்பியதில் இல்லாத ஒரு வரி மட்டும் கடைசியில் இருந்தது: "மொழிபெயர்ப்பு: யதுர்ஷிகா."

இது யார் என்று கேட்டேன். காணிக் கிளையில் இருக்கிற தங்கச்சி சிரித்துக்கொண்டு, "செல்வராசாவின்ர மருமகள்தானே, கம்பஸில படிக்கிறா" என்றா.

என்னை யாரும் அனுப்பவில்லை என்று உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி எழுத வேண்டாம்.

பிரேமிளா


அறிவியல்நகர்.
07.06.2024

பிரேமிளா அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை வாசிக்காமல் கிழித்தாலும் பரவாயில்லை.

செல்வராசா என் தாய்மாமன். அப்பா போனபிறகு முகாமிலிருந்து எங்களை வெளியே எடுத்ததும் அவர்தான், என்னைப் படிப்பித்ததும் அவர்தான். மார்ச் மாதம் வீட்டுக்குப் போனபோது என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதித் தா, வாசிக்க ஆசையாக இருக்கிறது என்றார். மாமா என் படிப்பை முதல்முதலாக விசாரிக்கிறார் என்ற சந்தோசத்தில் மூன்று நாள் இருந்து மொழிபெயர்த்து, கீழே பெயரும் போட்டுக் கொடுத்தேன். காணி மனுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கு அனுப்பும்போது பெயரை எடுத்தது, மாமாவின் உறவு தெரிந்தால் நீங்கள் கதைக்க மாட்டீர்கள் என்று பயந்துதான். அது கள்ளத்தனம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் என் மேல் கோபப்பட்டீர்கள், கட்டுரை பிழை என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதவில்லை. எனக்கும் அது உங்களுக்கு எதிராக இருப்பது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காகச் சான்று பொய்யாகிவிடாது. நாற்பத்தொரு அடிக்குறிப்பு இருக்கிறது அக்கா. பிழை எங்கே என்று காட்டுங்கள்.

யதுர்ஷிகா


ஸ்கந்தபுரம்.
15.06.2024

யதுர்ஷிகாவுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் நீங்கள் ஒத்துக்கொண்டதும் போய்விடும்.

நாற்பத்தொன்றை விடுங்கள். எனக்கு இரண்டு போதும்.

பதினேழாவது. அப்பாவின் கொப்பி 1984இல் தொடங்குகிறதாம். தொடங்கும்தான். அது இரண்டாவது கொப்பி. மட்டையில் பெரிதாக 2 என்று எழுதியிருந்தது. முதலாவது கொப்பி 83 கடைசியில் வந்த வெள்ளத்தில் ஊறிப் போனது. இதை அம்மா அவரிடம் சொன்னவா. அவர் தலையாட்டினார். பக்கத்தில் நான் நின்றேன்.

இருபத்துமூன்றாவது. உங்கள் கையால் மொழிபெயர்த்ததை அப்படியே எழுதுகிறேன்: "சுடலைமுத்து, நேர்காணல், அன்னாரின் இல்லம், ஸ்கந்தபுரம், 12 மார்ச் 2009."

நீங்கள் 2009 மார்ச்சில் எங்கே இருந்தீர்கள்? உங்கள் மாமா எங்கே இருந்தார்? ஸ்கந்தபுரத்தில் யார் இருந்தது?

எங்கள் அப்பா அந்த மாதம் காலில் காயத்தோடு பொக்கணையில் பதுங்குகுழிக்குள் கிடந்தார். வைகாசியில் முள்ளிவாய்க்காலில் போனார். பிரதாபன் வந்த அன்று, அப்பா எப்போது தவறினார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஏன் கேட்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அப்பா உயிரோடு இருந்த ஒரு திகதி அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

பிழையைக் காட்டச் சொன்னீர்கள். காட்டிவிட்டேன்.

பிரேமிளா


அறிவியல்நகர்.
22.06.2024

பிரேமிளா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பீட வாசலில் நின்று வாசித்தேன். வகுப்புக்குப் போக முடியவில்லை.

2009 மார்ச்சில் எனக்கு ஒன்பது வயது. நாங்கள் மாத்தளன் கடற்கரையில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அப்பாவை அங்கேதான் தாட்டோம். அந்த மாதத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. ஆனால் 12 மார்ச் 2009 என்று ஆங்கிலத்தில் கண்டபோது அதைத் தமிழில் எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, இருபத்துநாலுக்குப் போய்விட்டேன். அடிக்குறிப்பில் வருவது வேறு யாருடையதோ மார்ச் என்று நினைத்தேனோ தெரியாது. வெட்கமாக இருக்கிறது அக்கா. கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு இது தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியாமல் போனதற்கு என்ன சாட்டுச் சொல்வது?

முதலே செய்திருக்க வேண்டியதை இப்போதுதான் செய்தேன். கட்டுரை வந்த இதழை முழுதாகப் பார்த்தேன். அதே இதழில் கோழி வளர்ப்பு இருக்கிறது, பல் வைத்தியம் இருக்கிறது, நட்சத்திரங்களும் இருக்கின்றன. அனுப்பி நாலாம் நாள் கட்டுரை ஏற்கப்பட்டதாக அதிலேயே போட்டிருக்கிறது. நாலு நாளில் யார் வாசித்திருப்பார்கள்? ஆசிரியர் குழுவில் இருவருக்கு எழுதினேன். ஒருவரின் விலாசம் இல்லை என்று திரும்பி வந்தது. மற்றவர் தன் பெயர் அங்கே இருப்பதே தனக்குத் தெரியாது என்று பதில் போட்டார். பிரதாபனுக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை.

நேற்று வீட்டுக்குப் போய் மாமாவிடம் அந்த வரியைக் காட்டினேன். "மாமா, இந்தத் திகதியில நாங்கள் எங்க இருந்தனாங்கள்?" என்று கேட்டேன். "எனக்கு முதல் நாளே தெரியும் பிள்ளை. அது கடதாசியில கிடக்கிறது, கிடக்கட்டும்" என்றார். என் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்த் தாட்டவர் அவர். அவரும் கிடக்கட்டும் என்றார்.

எங்கள் விரிவுரையாளரிடமும் சொன்னேன். ஒருவர் பொய் எழுதினார் என்று சொல்லவும் சான்று வேண்டும், உங்கள் இருவரின் வாய்ப்பேச்சு போதாது என்றா. அவா சொல்வது சரி. பிரதாபன் உங்கள் அப்பாவைச் சந்திக்கவில்லை என்று காட்ட ஏதாவது உண்டா?

இன்னொரு யோசனை. நீங்கள் வந்து சேர்ந்த இடத்தில் எல்லாம் எரிந்து போயிற்று. ஆனால் புறப்பட்ட இடத்தில் சண்டை நடக்கவில்லை. உங்கள் குடும்பத்தில் யாராவது மலைநாட்டில் தோட்டப் பாடசாலையில் படித்திருந்தால், அங்கே பிள்ளை விலகிய திகதியை இடாப்பில் எழுதியிருப்பார்கள். அந்த இடாப்பு இன்னும் இருக்கக்கூடும். உறவுக்காரர் போனால்தான் காட்டுவார்கள். விசாரணைக்கு முன் நீங்கள் ஒருமுறை போய்வர முடியுமா?

யதுர்ஷிகா


ஸ்கந்தபுரம்.
01.07.2024

யதுர்ஷிகாவுக்கு,

நல்ல யோசனை. அவ்வளவு நல்ல யோசனை என்பதால் இரண்டு நாள் நித்திரை வரவில்லை. விசாரணை நெருங்குகிற நேரத்தில் என்னை எங்கள் பழைய தோட்டம் இருக்கிற மஸ்கெலியாவுக்கு பஸ் ஏற்றிவிடப் பார்க்கிறீர்களா? மழையில் பாதை அடைபட்டு நான் அங்கே நின்றுவிட்டால், இங்கே பதினான்கு வீட்டுக்காக யார் கதைப்பது? இது உங்கள் யோசனையா, மாமாவின் யோசனையா?

நான் போகவில்லை. அக்கா சிவலட்சுமி தன் மகனோடு போயிருக்கிறா. எனக்குப் பதினாறு வயது மூத்தவ. நாங்கள் இங்கே வரும்போது மூன்றாம் வகுப்பு. நான் இங்கே பிறந்தவள். இடாப்பில் இருந்தால் அவவின் பெயர்தான் இருக்கும்.

சான்று உண்டா என்று கேட்டீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. என்னவென்று எழுத மாட்டேன். எழுதினால் உங்கள் மாமாவும் வாசிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கேள்வி. 17ஆம் திகதி பிரதேச செயலகத்துக்கு வந்து, நீங்கள் மொழிபெயர்த்த கட்டுரை பொய் என்று உங்கள் மாமா இருக்கும்போது சொல்வீர்களா? ஓம் அல்லது இல்லை. விளக்கம் வேண்டாம்.

பிரேமிளா


அறிவியல்நகர்.
05.07.2024

பிரேமிளா அக்காவுக்கு,

ஓம்.

விளக்கம் வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். அம்மா அழுகிறா. மாமாவுக்கு எதிராக நின்றால் வீட்டு வாசலை மிதிக்காதே என்கிறா. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் வருவேன் என்று எழுதிவிட்டேன், எழுத்துக்குச் சாட்சி இருக்கிறது.

யதுர்ஷிகா


ஸ்கந்தபுரம்.
21.07.2024

யதுர்ஷிகா தங்கச்சிக்கு,

விசாரணை முடிந்ததும் உங்களோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல் வந்துவிட்டேன். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

அன்று காலை நாங்கள் பதினான்கு வீட்டுக்காரரும் எட்டு மணிக்கே வந்து மரத்தடியில் நின்றோம். ஒன்பது மணிக்கு உங்கள் மாமாவின் ஓட்டோ வந்தது. அதிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். ஓம் என்று எழுதியதும் கள்ளம், பள்ளிக்கூட யோசனையும் கள்ளம், இந்தப் பிள்ளை கடைசிவரை என்னை ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற மாயாண்டி அண்ணனிடம் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னது நல்ல சொல் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே அதிகாரி அந்தக் கட்டுரையைத் தூக்கிக் காட்டி, இதை மொழிபெயர்த்தது யார் என்று கேட்டார். நீங்கள் எழும்பினீர்கள். "நான்தான் சேர். இதில இருக்கிற நேர்காணல் நடக்கேல்ல. 2009 மார்ச்சில ஸ்கந்தபுரத்தில ஒரு சனமும் இல்லை. நாங்கள் மாத்தளனில இருந்தனாங்கள். மாமாவும் எங்களோட இருந்தவர்" என்றீர்கள். அதிகாரி உங்கள் மாமாவைப் பார்த்து அப்படியா என்று கேட்டார். அவர் கதிரையை விட்டு எழும்பாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார். அவர் வேறெதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் கொஞ்சம் குறைந்தது. முழுதாக இல்லை.

அதன்பிறகுதான் நான் என் பையைத் திறந்தேன். பிரதாபன் கொப்பியை வாங்கியபோது எங்கள் அம்மா நாகேஸ்வரி சும்மா விடவில்லை. அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தோட்டத்தில் எதைக் கொடுத்தாலும் துண்டுச் சீட்டு வாங்கிப் பழகியவ. "எழுதிக் குடுத்துட்டுக் கொண்டு போங்க" என்று சொல்லி, சுவரில் தொங்கிய நாள் கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக் கொடுத்தா. முன்பக்கம் அச்சில் 2016 ஓகஸ்ட் 21, ஞாயிறு. பின்பக்கம் அவருடைய கையெழுத்து: "காலஞ்சென்ற சுடலைமுத்து அவர்களின் கொப்பி ஒன்று பெற்றுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் திருப்பித் தருவேன். அன்னாரை உயிரோடிருக்கும்போது ஒருமுறையேனும் சந்திக்கக் கிடைக்காதது என் துரதிர்ஷ்டம்." மரியாதைக்கு எழுதிய வரி. அந்த மரியாதையில்தான் அகப்பட்டார். அதிகாரி கோவையில் வைக்கத் தாளைக் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றேன். என் கையில் இருக்கப் படம் எடுத்துக்கொண்டார்.

கட்டுரையைச் சான்றிலிருந்து நீக்கியாயிற்று. அக்கா கொண்டுவந்த இடாப்புப் பிரதியை ஏற்றுக்கொண்டார்கள். சிவலட்சுமி, மூன்றாம் வகுப்பு, விலகியது 1977 ஒக்டோபர், காரணம்: குடும்பம் கிளிநொச்சி, ஸ்கந்தபுரம் சென்றது. மலைநாட்டில் எங்கள் சனம் அடிபட்ட அந்த வருடக் கலவரம் முடிந்து இரண்டாம் மாதம். யாரோ ஒரு வாத்தியார் காரணத்தையும் ஊரையும் எழுதிவைத்திருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும். பதினான்கு குடும்பத்துக்கும் காணி அனுமதிப்பத்திரம் கொடுக்கச் சிபாரிசு செய்வதாக அதிகாரி சொன்னார். கையில் கிடைக்கும்வரை நான் நம்பவில்லை, ஆனால் சொன்னதைப் பேப்பரில் எழுதி வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மாமா உங்களை ஏன் ஏற்றிவந்தார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

உங்கள் ஆய்வுக்காக இடாப்பின் பிரதியும், அம்மா எனக்குச் சொல்லி எழுதுவித்த பழைய தண்ணீர் முறைப் பட்டியலும் இத்துடன் வருகின்றன. பட்டியல் மூலப் பிரதி. ஒன்றுதான் இருக்கிறது. ஒரு வெற்றுக் கலண்டர் தாளும் வைத்திருக்கிறேன். அது எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

பிரேமிளா அக்கா


(கலண்டர் தாளின் பின்பக்கம். எழுதிய திகதி 28.07.2024.)

ஸ்கந்தபுரம் பிரேமிளா அக்காவிடமிருந்து பாடசாலை இடாப்பின் பிரதி ஒன்றும், தண்ணீர் முறைப் பட்டியலின் மூலப் பிரதி ஒன்றும் பெற்றுக்கொண்டேன். பட்டியலை ஓகஸ்ட் 11ஆம் திகதி நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருவேன்.

விசாரணைக்கு முதல்நாளே மாமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். விடிய பஸ்ஸுக்கு நின்றபோது ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, "பிந்திப் போகாத, ஏறு" என்றார். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை. நான் வீட்டுக்கும் போகவில்லை.

சுடலைமுத்து அவர்களை நான் சந்தித்ததில்லை. சந்தித்ததாக எங்கேயும் எழுத மாட்டேன்.

யதுர்ஷிகா